ஊர் கூடி எடுக்கும் பேய்ப்படம்

கையில் பெரிய பணம் இல்லாத ஒரு குழு படம் எடுக்கலாம் என்று உட்கார்ந்தால், பேச்சு சுற்றிச் சுற்றிப் பேய்க்கதையில் வந்து நிற்கும். பேய்ப்படம் எளிது என்ற நினைப்பில்தான் இப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுவது நியாயமில்லை. சரித்திரப் படத்துக்கு அரண்மனை வேண்டும். சண்டைப் படத்துக்கு ஆள்பலம் வேண்டும். காதல் படத்துக்கு நொடிக்கு நொடி மாறும் முகபாவம் வேண்டும். திகில் ஒன்றுதான் காட்டாமல் விடுவதையே தன் பலமாக வைத்திருக்கிறது. மூடிய கதவு, அதற்குப் பின்னால் ஒரு சத்தம், கதவையே பார்த்து நிற்கும் ஒரு முகம். மீதியைப் பார்ப்பவர் மனமே செலவில்லாமல் செய்து தந்துவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

திகில் படம் பிறந்ததே குறும்படமாகத்தான். பொதுமக்களுக்குக் கட்டணம் வாங்கிச் சினிமா காட்டத் தொடங்கிய அடுத்த ஆண்டே, 1896இல், பிரான்சின் ஜார்ஜ் மெலியஸ் வௌவால் ஒன்று பிசாசாக மாறும் மூன்று நிமிடப் படத்தை எடுத்துவிட்டார். ஆனால் பலர் கூடி எடுத்த திகில் படம் என்றால் எல்லோரும் சுட்டிக்காட்டுவது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து 1968இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை. அது முழுநீளப் படம் என்றாலும் உருவான விதம் நமக்குப் பாடம். இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்தவர்கள். பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கினார்கள்; மேலும் திரட்டி மொத்தம் சுமார் 1,14,000 டாலரில் முடித்தார்கள். பணம் போட்டவர்களே நடித்தார்கள், மேக்கப் போட்டார்கள், ஒலியையும் பார்த்துக்கொண்டார்கள். இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீடு லொகேஷன் ஆனது. சுற்றுவட்டார மக்கள் நடைப்பிணங்களாக வந்து நின்றார்கள். கருப்பு வெள்ளைப் படம் என்பதால் சாக்லேட் சிரப்பே ரத்தமாகிவிட்டது. பில் கார்டில் என்று உள்ளூர்த் தொலைக்காட்சியில் எல்லோருக்கும் பழக்கமான ஒருவர், படத்திலும் தொலைக்காட்சி நிருபராகவே வந்துபோனார்.

இந்தக் கடைசி விவரம்தான் என்னை மிகவும் ஈர்ப்பது. வேறு ஊரில் அந்தப் படத்தைப் பார்த்தவருக்கு அவர் யாரோ ஒரு நடிகர். பிட்ஸ்பர்க்காரருக்கோ அவர் தினமும் வீட்டுக்குள் வந்துபோகும் முகம். அந்த முகமே வந்து, செத்தவர்கள் எழுந்து நடக்கும் செய்தியைச் சேகரிக்கிறது.

தெரிந்த முகம், தெரிந்த படிக்கட்டு

ஒரு வட்டாரத்து மக்கள் சேர்ந்து எடுத்து, அதே வட்டாரத்தில் திரையிடும் படத்துக்கு மற்ற படங்களிடம் இல்லாத ஒரு குணம் உண்டு. பார்க்க வந்தவருக்குத் திரையில் வருபவரைத் தெரியும். அந்த மாடிப்படியைத் தெரியும். அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுகூடத் தெரியும். இதைக் கணக்கில் வைத்து எழுதிய படம் பயமுறுத்தும். வைக்காத படம் சிரிப்பில் போய் முடியும்.

சிரிப்பு என்று சொல்வது மிகையில்லை. முகத்தில் வெள்ளை பூசி, முடியை விரித்துப் போட்டு பேய் திரையில் வந்து நிற்கும், அரங்கில் முதலில் கேட்பது "ஏய், நம்ம பக்கத்து வீட்டு அக்கா!" என்ற குரலாக இருக்கும். அடுத்த நொடி கூட்டமே சிரிக்கும். அதில் கேலி எதுவும் இல்லை, தெரிந்தவரைத் திரையில் பார்த்த மகிழ்ச்சிதான். ஆனாலும் பயம் அங்கேயே செத்துவிடும். மேக்கப்பை எவ்வளவு கூட்டினாலும் இது தீராது, ஏனென்றால் மனிதர்கள் முகத்தை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதில்லை. நடை, தோள் சாய்வு, தலையைத் திருப்பும் விதம் எல்லாமே காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு வழிகள் உண்டு. பேயின் முகத்தைக் காட்டாமலே விடலாம்; கதவோரத்தில் விரல்கள், திரைச்சீலைக்குக் கீழே பாதங்கள், அவ்வளவே. பேய் வேடத்துக்கு மட்டும் வெளியாளைக் கூட்டிவரலாம். சிரிப்பை முன்கூட்டியே செலவழித்துவிடலாம்: முதல் நிமிடத்திலேயே தெரிந்த முகங்களைச் சாதாரண வேலைகளில் காட்டிவிட்டால், அடையாளம் கண்டு சிரிப்பவர்கள் அப்போதே சிரித்து அடங்கிவிடுவார்கள். பிறகு அரங்கு கதைக்குள் வந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி, தெரிந்தவரைத் தெரிந்தவராகவே நடிக்கவைத்து, ஒரே ஒரு இம்மி மட்டும் பிசகவைப்பது. ஓர் உதாரணம் சொல்கிறேன். எல்லோரும் போய்வரும் நூலகம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அங்கே உள்ள நூலகர் ஒவ்வொரு புத்தகத்திலும் தேதி முத்திரையை 'டக்' என்று குத்திவிட்டு, "பதினஞ்சு நாள்ல திருப்பிக் கொடுத்துடுங்க" என்பார். வருடக்கணக்காக அதே வாக்கியம், அதே ராகம். படத்தில் அவர் அவராகவே வருகிறார், முத்திரை குத்துகிறார், அதைச் சொல்கிறார். அரங்கு சிரிக்கிறது. இரவு, பூட்டப்போகும் நேரம். மறந்து வைத்த பையை எடுக்க ஒரு பையன் உள்ளே வருகிறான். மேசையில் யாரும் இல்லை. அலமாரி வரிசைகளின் கடைசியிலிருந்து ஒரு 'டக்'. அவன் நிற்கிறான். எதுவும் இல்லை. பையை எடுக்கக் குனிகிறான். இன்னொரு 'டக்', இந்த முறை ஒரு வரிசை பக்கத்தில். பிறகு அந்தக் குரல், அதே ராகத்தில்: "பதினஞ்சு நாள்ல..." வாக்கியம் முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து: "பதினஞ்சு நாள்ல..."

வெளியூர்க்காரருக்கு இது சுமாரான காட்சியாகத் தோன்றலாம். அந்த நூலகத்துக்குப் போய்வருகிறவருக்கு மயிர்க்கூச்செறியும். அடுத்த முறை புத்தகம் எடுக்கப் போகும்போதும் அந்த 'டக்' காதில் விழும். எவ்வளவு பெரிய நிறுவனம் எவ்வளவு கோடி கொட்டினாலும் இதைச் செய்ய முடியாது.

இடத்துக்கும் இதுவே பொருந்தும். சினிமாவில் ஒரு வீட்டின் வாசலையும் இன்னொரு வீட்டின் கூடத்தையும் ஒட்டவைப்பது சர்வசாதாரணம். உள்ளூர்ப் பார்வையாளரிடம் அது செல்லாது, "அந்தப் படி ஏறினா மொட்டை மாடிதானே வரும்?" என்று மனம் வெளியே வந்துவிடும். ஆகவே இடத்தின் அமைப்பை உள்ளபடியே காட்டுங்கள். அப்படிக் காட்டிப் பழக்கிவிட்டு, உண்மையில் வெறும் சுவராக இருக்கும் இடத்தில் பிளைவுட் பலகையால் ஒரு கதவைச் செய்து வையுங்கள். அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம், கேமராவும் கவனிக்க வேண்டாம், பின்னணியில் இருந்தால் போதும். தெரியாதவருக்கு அது ஒரு கதவு. தெரிந்தவர் தன் பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடிப்பார்.

கதைக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மக்களைக் கூட்டி உட்காரவைத்து, 'எந்த இடத்தைக் கடக்கும்போது உங்கள் நடை தானாக வேகமாகிறது?' என்று கேளுங்கள். பேய்க்கதை சொல்லுங்கள் என்றால் எங்கோ கேட்டதைச் சொல்வார்கள். இந்தக் கேள்விக்குத் தங்களுடையதைச் சொல்வார்கள். ஓர் எல்லையை மட்டும் தாண்டக் கூடாது. அந்த இடத்தில் உண்மையில் நடந்த மரணத்தையோ துயரத்தையோ எடுத்துப் பேய்க்கதை ஆக்காதீர்கள். அந்தக் குடும்பம் அரங்கில் உட்கார்ந்திருக்கும். மனநோய் உள்ளவரையும் உடல் குறைபாடு உள்ளவரையும் பயத்தின் உருவமாக்கும் பழைய வழக்கத்தையும் இங்கேயே நிறுத்திவிடலாம்.

காத்திருப்பும் காதும்

டென்மார்க்கில் ஒரு பேய்வீட்டுக் கேளிக்கை அரங்குக்கு வந்த 110 பேரின் இதயத் துடிப்பை அளந்து செய்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. பயம் கூடக் கூட ரசனையும் கூடிக்கொண்டே போகவில்லை. ஓர் அளவு வரை ஏறி, அதைத் தாண்டியதும் இறங்கியது. பயம் போதாவிட்டாலும் சலிப்பு, மிஞ்சினாலும் வெறுப்பு. குறும்படம் எடுப்பவருக்கு இதில் நேரடிப் பயன் உண்டு: திடுக்கிடவைக்கும் இடங்களை அடுக்கிக்கொண்டே போவதால் படம் மேலும் பயங்கரமாகிவிடாது. ஐந்து நிமிடப் படத்துக்கு ஒரு திடுக்கிடல் போதும் என்பது என் கட்சி. அது எங்கே வரும் என்று தெரியாத தவிப்புதான் மீதி நான்கரை நிமிடத்தையும் தாங்குகிறது.

1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் இதற்கு இலக்கணமான காட்சி ஒன்று இருக்கிறது. இரவில் ஒரு பெண் தனியே நடக்கிறாள். பின்னால் இன்னொரு காலடி ஓசை. திடீரென்று அந்த ஓசை நின்றுவிடுகிறது. அவள் வேகம் கூட்டுகிறாள், திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். சீறிக்கொண்டு ஏதோ பாய்கிறது. வந்து நின்றது ஒரு பேருந்து. பேருந்து வந்து நிற்பதைப் பார்த்து ஆட்கள் இருக்கையிலிருந்து துள்ளியிருக்கிறார்கள். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் திரைத்துறையினர் இந்த உத்தியை இன்றும் 'லூட்டன் பஸ்' என்கிறார்கள். செலவைப் பாருங்கள்: ஒரு தெரு, செருப்புச் சத்தம், ஒரு பேருந்து.

உள்ளூர்க் குழுக்களின் படங்கள் பெரும்பாலும் தோற்பது ஒலியில்தான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் புரியாவிட்டால் இரண்டு நிமிடத்தில் போனை எடுத்துவிடுவார்கள். ஆகவே இருக்கும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது, அல்லது இரவல் வாங்க வேண்டியது, நல்ல மைக். அதுவும் இல்லையென்றால் நடிப்பவரின் சட்டைப்பையில் ஒரு போனை வைத்துத் தனியே பதிவு செய்யுங்கள். கேமராவில் ஒட்டியிருக்கும் மைக்கைவிட அது எவ்வளவோ மேல். ஒவ்வொரு இடத்திலும் ஷூட்டிங் முடிந்ததும் எல்லோரும் வாய்மூடி நிற்க, அந்த அறையின் வெறும் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். இதைத்தான் ரூம் டோன் என்கிறார்கள். எடிட்டிங்கில் ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒலி அறுந்துபோகாமல் ஒட்டுவதற்கு அது வேண்டும். திகில் படத்துக்கு அதற்கு மேலும் ஒரு பயன் உண்டு: அந்த மெல்லிய இரைச்சலைப் படம் முழுக்க ஓடவிட்டு, ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தினால், என்ன மாறியது என்று தெரியாமலே கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

நூலகக் காட்சிக்கு வருவோம். நூலகரின் குரலைத் தனியே சுத்தமாகப் பதிவு செய்து, பிறகு அதே நூலகத்தில், கடைசி அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பீக்கரில் ஓடவிட்டு, பையன் நிற்கும் இடத்திலிருந்து மறுபடி பதிவு செய்ய வேண்டும். புத்தகங்களுக்கு நடுவே புகுந்து வந்த குரலின் மங்கலை எந்த மென்பொருளும் இவ்வளவு நம்பும்படி தராது. முத்திரைச் சத்தத்துக்கு நிஜ முத்திரையே போதும். எலும்பு முறியும் ஓசை வேண்டுமென்றால் செலரித் தண்டை மைக் அருகே ஒடிப்பது, படத்துக்கான ஓசைகளைக் கையால் செய்து சேர்க்கும் ஃபோலி கலைஞர்களின் பழைய வழக்கம். கேமரா முன்னால் நிற்கக் கூச்சப்படுபவர்களுக்கு இந்த ஒலி வேலை பிரமாதமாகப் பிடித்துவிடும். வயதானவர்களும் சிறுவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து காய்கறி ஒடித்துப் பேய்க்குக் குரல் கொடுப்பதுதான் இந்த முயற்சியின் ஆகச்சிறந்த மணிநேரம் என்று நினைக்கிறேன்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. டேவிட் சாண்ட்பர்க் 2013இல் தன் வீட்டிலேயே, மனைவியை மட்டும் நடிக்கவைத்து எடுத்த 'லைட்ஸ் அவுட்' குறும்படம் மூன்று நிமிடம்கூட இல்லை. விளக்கை அணைத்தால் ஓர் உருவம், போட்டால் இல்லை. அந்த ஒரே யோசனைதான் முழுப் படமும். இணையத்தில் பரவி, 2016இல் அவர் இயக்கத்திலேயே முழுநீளப் படமானது. ஒரு குறும்படம் ஒரு யோசனையைத் தாங்கும். இரண்டாவது யோசனை வந்தால் அதை அடுத்த படத்துக்கு எடுத்துவையுங்கள்.

இருட்டைக் காட்ட வெளிச்சம் வேண்டும்

புதியவர்கள் இருட்டான காட்சியை இருட்டிலேயே எடுக்கிறார்கள். கேமரா வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான தன் உணர்திறனை, ஏற்றிக்கொள்ள, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். இருட்டு என்று பார்ப்பவர் உணர்வது வெளிச்சமான ஓர் இடத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். ஃபிரேமில் எங்கோ ஒரு மூலையில் நல்ல வெளிச்சம் இருக்கட்டும்: மேசை விளக்கு, கதவிடுக்கு, போன் திரை. முகத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒளி கொடுத்து மறுபக்கத்தை விட்டுவிடுங்கள். பிறகு எடிட்டிங்கில் தேவையான அளவு இறக்கிக்கொள்ளலாம். குழல்விளக்கும் மலிவான எல்இடியும் திரையில் துடிப்பதைத் தவிர்க்க, மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஓடும் இடங்களில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்றும், 60 ஹெர்ட்ஸ் இடங்களில் 1/60 அல்லது 1/120 என்றும் பூட்டிவைக்க வேண்டும்.

இவ்வளவு கவனமாக எடுத்த இருட்டும் திரையிடும் இடத்தில் கரைந்துபோகக் கூடும். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். சினிமா அரங்குகளில் வெறும் வெள்ளையைக் காட்டும்போது திரையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 48 கேண்டலா இருக்க வேண்டும் என்பது தரம். சாதாரண வெள்ளைத் திரையில் அது கிடைக்கச் சுமார் 150 லக்ஸ் ஒளி, அதாவது சதுர மீட்டருக்கு 150 லுமென், விழ வேண்டும். 3 மீட்டர் அகலத் திரையின் பரப்பு 5 சதுர மீட்டர், ஆக 750 லுமென் போய்ச் சேர்ந்தால் போதும். நடுத்தரமான புரொஜெக்டரே இதைத் தந்துவிடும். சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. திகில் படத்தில் முக்கியமானவை எல்லாம் நிழலில் நடக்கின்றன. அந்த நிழல் வெள்ளையில் நூறில் ஒரு பங்கு என்றால் ஒன்றரை லக்ஸ்தான். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தொலைவில் தருவதே ஏறத்தாழ 1 லக்ஸ். அப்படியானால் ஜன்னல் இடுக்கில் கசியும் தெருவிளக்கும், முன்வரிசையில் ஒளிரும் போன்களும் என்ன செய்யும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணியில் மெல்ல அசைந்த உருவத்தை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

படத்தை எங்கே காட்டப்போகிறோம் என்பதைக் கதை எழுதும் முன்பே முடிவு செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பகல் வெளிச்சத்தை முழுக்க மறைக்க முடியாத கூடம்தான் கிடைக்கும் என்றால், நிழலுக்குள் ஒளியும் பேயை எழுதாதீர்கள். ஒலியை நம்பிய கதையை எழுதுங்கள். கலர் கரெக்ஷன் முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கோடு அந்தக் கூடத்துக்கே போய், அதே புரொஜெக்டரில், காட்டப்போகும் அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். கணினித் திரையில் சரியாகத் தெரிந்தது அங்கே தெரியாது. நிழல்களைச் சற்றே உயர்த்தி இன்னொரு பிரதி எடுக்க வேண்டியிருக்கும். கூடத்தை எவ்வளவு இருட்டாக்கினாலும் அவசர வழி விளக்குகளை மட்டும் மறைக்கவோ அணைக்கவோ கூடாது.

யாருக்கும் காயம் படாமல்

பயத்தை விளையாட்டாக ரசிக்க முடிவது, நிஜ ஆபத்து எதுவும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போதுதான். அதை உறுதிசெய்வது படம் எடுப்பவரின் முதல் வேலை.

துப்பாக்கியே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2021 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில், நாடகப் பொருளாக இருந்த துப்பாக்கியில் நிஜத் தோட்டா இருந்து ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். தொழில்முறைக் குழுவுக்கே இந்தக் கதி. பொம்மைத் துப்பாக்கியும் கத்தியும்கூட, விஷயம் தெரியாமல் அந்தப் பக்கம் வருபவரின் கண்ணுக்கு நிஜம்தான். இரவில் அலறல் கேட்டால் யாராவது காவல்துறையைக் கூப்பிடத்தான் செய்வார்கள். எந்த நாள், எத்தனை மணிவரை, என்ன சத்தம் வரும், யாரிடம் கேட்கலாம் என்று அக்கம்பக்கத்து வீடுகளில் முன்பே சொல்லிவிட வேண்டும். காவல் நிலையத்துக்கும் தெரிவிப்பது நல்லது.

போலி ரத்தம் பற்றி. ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் வகுத்த புகழ்பெற்ற கலவையில், சோளச் சிரப்பும் சாயமும் போக, ஃபிலிம் கழுவப் பயன்படும் ஒரு திரவமும் சேர்ந்திருந்தது. துணியில் நன்றாக ஊறும், ஆனால் வாயில் படக் கூடாது. உள்ளூர்க் குழுவுக்கு உணவுக்கான சாயம் கலந்த சர்க்கரைப் பாகே போதும். தரை வழுக்கும், துணி கறைபடும், எறும்பு வரும். வேறு ஆபத்து இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் 'தி ஷைனிங்' படக்குழு காட்டிய வழி நல்லது. சிறுவன் டேனி லாய்டுக்குத் தான் நடிப்பது திகில் படம் என்பதே தெரியாமல் எடுத்து முடித்தார்கள். குழந்தை பயப்பட வேண்டியதில்லை, பயந்த மாதிரி ஒரு பக்கம் பார்த்தால் போதும். பயமுறுத்துவதை எடிட்டிங் பார்த்துக்கொள்ளும். திரையில் பேயாக வந்தவர் தினமும் அந்தக் குழந்தைகள் கண்ணில் படுபவர் என்பதையும் மறக்கக் கூடாது. நம் நூலகர் திரையிடல் முடிந்ததும் மேடைக்கு வந்து சிரித்துப் பேசியே ஆக வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: விளக்கு வெட்டி வெட்டி எரியும் காட்சிகள். ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை மாறி மாறி மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நொடிக்கு மூன்றுக்கு மேல் மின்னக் கூடாது என்பது இன்று பரவலான வழிகாட்டி அளவு. அதற்குள் நிறுத்துங்கள், வாசலிலும் எழுதிப் போடுங்கள்.

திரையிடும் மாலை

நிகழ்ச்சி ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். உள்ளூர்ப் படம் ஒன்றுதான் என்றால், வேறு குழுக்களிடம் அனுமதி வாங்கி அவர்களின் படங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். சிரிப்பு கலந்த திகிலை முதலில் வையுங்கள். மெதுவான, அமைதியான படத்தை நடுவில் வையுங்கள், அப்போதுதான் கூட்டம் அதற்கு அடங்கும். சொந்தப் படம் கடைசிக்கு முந்தையதாக வருவது எனக்குச் சரியாகப் படுகிறது. கடைசியில் வந்தால் அதன் நடிகர்கள் முழு மாலையும் பதற்றத்தில் இருப்பார்கள், மற்ற படங்களையும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் அரை நிமிடம் விளக்கைப் போடுங்கள். வெளியே போக நினைப்பவர் மானம் போகாமல் எழுந்து போக அது வழி.

ஒலியைக் காலிக் கூடத்தில் சரிபார்த்தால், ஆட்கள் நிறைந்ததும் மங்கிவிடும். உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சும். சற்றுக் கூட்டியே வைக்க வேண்டும். திறந்தவெளியில் காட்டினால் இன்னொரு சிக்கல். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்குக் கதவு அறைவது தெரிந்து பத்தில் ஒரு நொடி கழித்தே சத்தம் கேட்கும், அதாவது நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் இரண்டு ஃபிரேமுக்கு மேல் தாமதம். திடுக்கிடல் அதில் நீர்த்துப்போகும். இருக்கைகளைத் திரைக்கு நெருக்கிப் போடுவதே எளிய தீர்வு.

படம் ஓடும்போது எடுத்தவர்கள் திரையைப் பார்க்கக் கூடாது. ஓரமாக நின்று கூட்டத்தைப் பார்க்க வேண்டும். எப்போது அசைகிறார்கள், எப்போது அடங்குகிறார்கள், போன் எந்த நொடியில் வெளியே வருகிறது. எந்த விமர்சனமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

கூட்டம் பேசினால் பேசட்டும். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் வக்கலிகா என்ற ஏழ்மையான பகுதியில் ஐசக் நப்வானா அக்கம்பக்கத்தாரை வைத்து எடுக்கும் சண்டைப் படங்களில், ஓடும் படத்தின் மேலேயே ஒருவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வருவார். அவரை 'வீடியோ ஜோக்கர்' என்கிறார்கள். படத்தை எல்லோரும் சேர்ந்து பார்ப்பதே அங்கே ஒரு நிகழ்த்துகலை. திகில் படத்துக்கு அத்தனை பேச்சு ஒத்துவராது என்றாலும், "உள்ள போகாதடா!" என்று ஒருவர் கத்துவது படம் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

முடிந்ததும் விளக்கைப் போட்டு, எப்படி எடுத்தோம் என்று காட்டுங்கள். ஷினிச்சிரோ உவேதா ஒரு நடிப்புப் பட்டறையின் புதுமுகங்களை வைத்து 30 லட்சம் யென்னில் எடுத்த ஜப்பானியப் படம் 'ஒன் கட் ஆஃப் தி டெட்'. 37 நிமிட ஒரே ஷாட்டில் தொடங்கும் அந்தப் படம், பிறகு அந்த ஷாட் எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் காட்டும். சின்ன அரங்குகளில் தொடங்கி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே போட்ட பணத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வசூலித்தது. ஃபிரேமுக்கு வெளியே மனிதர்கள் படும் பாட்டைப் பார்க்க மக்களுக்குப் பிடிக்கும். பிளைவுட் கதவை மேடைக்குக் கொண்டுவாருங்கள். செலரித் தண்டையும் மைக்கையும் ஒரு சிறுமியிடம் கொடுங்கள். அடுத்த படத்துக்கான ஆட்கள் அந்த அரை மணி நேரத்தில்தான் கிடைப்பார்கள்.

உரிமை விஷயத்தில் ரொமேரோவின் படமே எச்சரிக்கை. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட, யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள். இன்று பெரும்பாலான நாடுகளில் குறிப்பு இல்லாவிட்டாலும் உரிமை உண்டு. ஆனால் குழுவுக்குள் அது யாருடையது, பரிசுப் பணம் வந்தால் யாருக்கு என்பதை ஷூட்டிங்குக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். நடித்தவர்கள் எல்லோரிடமும், சிறுவர்கள் என்றால் பெற்றோரிடமும், எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் இசையைப் போடுமுன் உரிமத்தைப் படியுங்கள். வணிகப் பயன்பாட்டுக்குத் தடை என்று இருந்தால், டிக்கெட் போட்டுக் காட்டும்போது சிக்கல் வரலாம். உள்ளூரில் பாடத் தெரிந்த ஒருவரை வாய்மூடி முனகச் சொல்லிப் பதிவு செய்தால் அந்தத் தொல்லையே இல்லை, பயமாகவும் இருக்கும்.

உடனே இணையத்தில் ஏற்ற வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்சம் அடக்குவது நல்லது. ஏற்கெனவே இணையத்தில் வந்த படங்களைச் சில விழாக்கள் எடுத்துக்கொள்வதில்லை. விதிகளைப் பார்த்து, அனுப்ப வேண்டிய இடங்களுக்கு அனுப்பிவிட்டு அப்புறம் ஏற்றலாம். ஏற்றும்போது ஒலியை மறுபடி கலக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் கூடத்து ஸ்பீக்கரில் அடிவயிற்றைக் கலக்கிய கீழ்ஸ்தாயி ஓசை, போன் ஸ்பீக்கரில் அறவே கேட்காது. இதற்காகவே வசனம், ஓசை, இசை மூன்றையும் தனித்தனிக் கோப்பாக வைத்திருக்க வேண்டும். எடுத்த காட்சிகள் அனைத்தையும், சம்மதப் படிவங்களின் பிரதியோடு சேர்த்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் போட்டு, இரண்டு வேறு வீடுகளில் வைத்துவிடுங்கள்.